கட்டைவிரலுக்காகக் கால்விரலைக் கொடுத்த பின்: எடுத்த இடத்துப் புண்ணை எதைக் கொண்டு மூடுவது?

கையின் கட்டைவிரலை இழந்து, அதற்குப் பதிலாகக் கால்விரலை எடுத்துப் பொருத்திக்கொண்டவர் பயிற்சிக்கு வந்தால், நான் முதலில் கேட்டு வாங்குவது அவருடைய செருப்பை. திருப்பிப் பார்ப்பேன். முன்பாதம் பதியும் இடத்தில் உள்பக்கமும் தேய்ந்திருந்தால் மனம் நிம்மதி அடையும். வெளிப்பக்கம் மட்டும் தேய்ந்து, உள்பக்கம் கடையில் வாங்கியபடியே இருந்தால், அவர் பாதத்தின் உள்விளிம்பைத் தரையில் ஊன்றப் பயப்படுகிறார் என்று பொருள். அந்தப் பயத்துக்குக் காரணம் பெரும்பாலும் விரலை எடுத்த இடத்தில் இருக்கிறது.

கை மறுவாழ்வுப் பிரிவில் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கிறேன். அறுவை முடிந்த வீட்டில் எல்லாருடைய கண்ணும் புதிய கட்டைவிரலின் மேல்தான் இருக்கும். நிறம் மாறியதா, சூடாக இருக்கிறதா, எப்போது அசையும் என்று நாள் முழுவதும் அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். கட்டுப் போட்ட கால் போர்வைக்குள் கிடக்கும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தச்சுத் தொழிலாளி வந்தார். பொருத்தப்பட்ட கட்டைவிரல் அருமையாக அமைந்திருந்தது. உளியைப் பிடித்தார், திருகாணியை முடுக்கினார். ஆனால் கால் பெருவிரலில் எலும்பின் மேல் மெல்லிய தோலை ஒட்டி அனுப்பியிருந்தார்கள். மாதத்துக்கு ஒருமுறை அது வெடித்தது. “கை வந்துவிட்டது அக்கா, கால்தான் என்னை விடமாட்டேன் என்கிறது” என்றார். முன்கூட்டியே பேசியிருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய துன்பம் அது. இந்த அறுவைக்கு முன் முடிவெடுக்க உட்காரும் நோயாளிக்கும் வீட்டாருக்கும் உதவட்டும் என்றே வழிகளை ஒப்பிட்டு எழுதுகிறேன். கடைசி முடிவு உங்கள் பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் அறுவை மருத்துவருடையது. அவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதாவது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எந்த விரல், எவ்வளவு

புண்ணை மூடுவது விரலை எடுத்த பிறகு யோசிக்கும் காரியம் என்றே பலர் நினைக்கிறார்கள். எந்த விரலை எந்த அளவுக்கு எடுப்பது என்று தீர்மானிக்கும்போதே அதில் பாதி முடிவாகிவிடுகிறது.

இந்த அறுவையின் வரலாறே இதற்குச் சான்று. ஆஸ்திரியாவில் கார்ல் நிக்கோலடோனி 1890களின் பிற்பகுதியில் இதை முதலில் செய்தபோது ரத்தக் குழாய்களை இணைக்கும் நுட்பம் இல்லை. கையையும் காலையும் சேர்த்துக் கட்டி வாரக்கணக்கில் வைத்திருந்து, கைப்பக்கத்திலிருந்து ரத்த ஓட்டம் ஊறிய பின் விரலைக் காலிலிருந்து பிரித்தார். நுண்நோக்கியின் கீழ்க் குழாய்களைத் தைக்கும் கலை வந்த பிறகு, 1966இல் ஷாங்காயில் யாங் தோங்யுவே இரண்டாம் கால்விரலைக் கட்டைவிரலாக மாற்றினார். 1968இல் இங்கிலாந்தின் ஈஸ்ட் கிரின்ஸ்டெட் நகரில் ஜான் காபெட் பெருவிரலையே எடுத்துப் பொருத்தினார். 1980இல் மெல்போர்னின் வெய்ன் மாரிசனும் உடனிருந்தவர்களும், பெருவிரலை முழுதாக எடுக்காமல் நகத்தையும் அதைச் சுற்றிய தோலையும் மட்டும் உறைபோல் கழற்றி, இடுப்பெலும்பில் எடுத்த துண்டைச் சுற்றிப் போர்த்தும் முறையை வெளியிட்டார்கள். 1988இல் தைவானின் ஃபூ சான் வெய் குழுவினர் பெருவிரலின் எலும்பையும் மூட்டையும் ஒரு பக்கம் சீவிக் கட்டைவிரல் அளவுக்கு ஒடுக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். இவை ஒவ்வொன்றும் கைக்கு ஒருவகை விரலைத் தருகிறது, காலில் ஒருவகைப் புண்ணை விட்டுச்செல்கிறது.

அந்தப் புண்ணை எடைபோட, பாதத்தின் இந்த மூலை என்ன வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும். பெருவிரலின் அடியில் இருக்கும் முதல் பாத எலும்பின் தலை, பக்கத்திலுள்ள எலும்புத் தலை ஒவ்வொன்றையும்போல் ஏறக்குறைய இரு மடங்குச் சுமையைத் தாங்குகிறது. அதன் கீழே, எள்ளின் பெயரால் மருத்துவர்கள் அழைக்கும் இரண்டு சிறு எலும்புகள் சுமையை வாங்கிக்கொள்கின்றன. குதிகாலிலிருந்து புறப்படும் உள்ளங்கால் நார்த்தகடு பெருவிரலின் முதல் எலும்பின் அடிப்பகுதி வரை வந்து பற்றுகிறது. அடியெடுத்து வைக்கும்போது பெருவிரல் மேல்நோக்கி மடங்க, அந்த நார் கிணற்று ராட்டினக் கயிறுபோல் இழுபட்டுப் பாதவளைவை உயர்த்தி இறுக்குகிறது. அந்த இறுக்கத்தில்தான் உடலை முன்னே தள்ளுகிறோம்.

தோலும் வேறு ஜாதி. உள்ளங்கால் மேல்தோல் ஒன்றரை மில்லிமீட்டர் வரை தடித்தது. அதன் கீழே கொழுப்பு, நார்ச்சுவர்களால் பிரித்த சிறு அறைகளில் அடைபட்டிருப்பதால் நடக்கும்போது அது வழுக்கி நகர்வதில்லை. இந்தத் தோலுக்கு நிகரானது உள்ளங்கையையும் உள்ளங்காலையும் தவிர உடம்பில் வேறெங்கும் கிடையாது. ஆகவே நான் முதலில் பார்ப்பது புண்ணின் அளவை விட அது இருக்கும் பக்கத்தை. விரலின் மேல்பக்கத்தில் என்றால் எளிய வழிகளே போதும். தரையில் ஊன்றும் அடிப்பக்கத்திலோ, செருப்பும் ஷூவும் உரசும் உள்விளிம்பிலோ என்றால் மெல்லிய தோலை நம்ப முடியாது.

இரண்டாம் விரல்

இதில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. இரண்டாம் விரலை எடுத்தால் அதன் பாத எலும்பின் ஒரு பகுதியையும் நீக்கி, முதல் எலும்பையும் மூன்றாம் எலும்பையும் அருகருகே கொண்டுவந்து, இடையிலுள்ள தசைநாரைத் தைத்து, தோலை நேராக மூடிவிடலாம். வேறிடத்திலிருந்து சீவி ஒட்டும் தோல் ஒட்டும் வேண்டாம், தன் ரத்த ஓட்டத்தோடு கொண்டுவரும் தோல் மடலும் வேண்டாம். பாதம் சற்று ஒடுங்கும். ஷூ போட்டால் யாருக்கும் தெரியாது. இடைவெளியை மூடாமல் விட்டுவிட்டால் மட்டும், பக்கத்துணை போன பெருவிரல் நாளடைவில் வெளிப்பக்கமாகச் சாயத் தொடங்கும். “இடைவெளியை மூடுவீர்களா?” என்ற ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள்.

ஆனால் நம் வீடுகளில் இதற்கு வேறொரு கணக்கு உண்டு. மெட்டி அணிவது இரண்டாம் விரலில். திருமணமான பெண் ஒருவருக்கு இந்த அறுவையைப் பற்றி விளக்கும்போது, நடை, வலி, செலவு என்று எல்லாவற்றையும் பேசிவிட்டு இதைப் பேசாமல் விடுவது தவறு. ஒருவர் என்னிடம் தயங்கித் தயங்கி இதைத்தான் கேட்டார். மருத்துவரிடம் கேட்கக் கூச்சமாக இருந்ததாம். ஒரு காலில்தான் விரல் போகிறது, மற்றக் காலில் மெட்டி இருக்கும் என்று சிலர் அமைதி அடைகிறார்கள், சிலருக்கு மனம் ஒப்புவதில்லை. இரண்டும் நியாயமே. இரு விரல்களுக்கு இடையே பட்டையைக் கோத்துப் போடும் ரப்பர் செருப்பும் இடைவெளி மூடப்பட்ட பாதத்தில் முன்போல் அமராது. பின்பட்டை வைத்த செருப்புக்கு மாற நேரும்.

புண்ணுக்கு இவ்வளவு நல்லது என்றால் எல்லாருக்கும் இரண்டாம் விரலையே எடுக்கலாமே என்று தோன்றும். கைப்பக்கம் அதற்குத் தடை. இரண்டாம் விரல் ஒல்லியானது, நகம் சிறியது, நுனி வளைய முனையும். கனமான பொருளைப் பற்றித் தூக்கும் தொழில் செய்பவருக்குப் பெருவிரல் தரும் பிடி வலுவானது. அதனால்தான் பலருக்குப் பெருவிரலின் பக்கம் போக வேண்டியிருக்கிறது. காலின் சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது.

பெருவிரல் முழுதாகப் போனால்

முழுப் பெருவிரலை எடுக்கும்போது, முதல் விரல் எலும்பின் அடிப்பகுதியை ஒரு சென்டிமீட்டர் அளவுக்காவது காலிலேயே விட்டுவைப்பது நடைக்குப் பெரும் காப்பு. நார்த்தகடும் குறுந்தசைகளும் பற்றியிருக்கும் இடம் அது. எள்ளெலும்புகளும் இடம் பெயராமல் நிற்கும். கட்டைவிரலின் அடிமூட்டே போய்விட்ட கைக்குக் கூடுதல் நீளம் தேவைப்பட்டால் இந்தச் சென்டிமீட்டருக்குக் கைக்கும் காலுக்கும் வழக்கு வந்துவிடும். அந்த வழக்கில் நான் பெரும்பாலும் கால் பக்கம் நிற்பவள்.

மூடுவதற்கு மிகச் சிறந்தது, உள்ளங்கால் தோலையே மேலே மடித்துக் கொண்டுவந்து மேற்பக்கத் தோலோடு தைப்பது. ஊன்றும் இடத்தில் அதற்கென்றே பிறந்த தோல் இருக்கும், தழும்பு மேல்பக்கம் ஒதுங்கிவிடும். ஆனால் இழுத்துப் பிடித்துத் தைத்தால் விளிம்பு கறுத்துச் செத்துப்போகும். மூன்று வாரத்தில் ஆற வேண்டிய புண் மூன்று மாதம் ஆகும். தோல் எட்டவில்லை என்றால் எலும்பை இன்னும் கொஞ்சம் குறைப்பது, மிஞ்சிய இடத்தில் தோல் ஒட்டு வைப்பது, வேறிடத்திலிருந்து மடல் கொண்டுவருவது என்ற மூன்றில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இங்கே அனுபவமுள்ள அறுவை மருத்துவர்கள் கையாளும் ஒரு தந்திரத்தைச் சொல்லியே ஆக வேண்டும். எனக்கு மிகவும் பிடித்தது அது. கையில் தோல் பற்றாக்குறை இருந்தால், அதை ஈடுகட்டக் காலிலிருந்து கூடுதல் தோலை விரலோடு சேர்த்து வெட்டி வரத் தோன்றும். பாதத்தின் புண் மூட முடியாத அளவுக்குப் பெரிதாவது பெரும்பாலும் இப்படித்தான். அதற்குப் பதில், விரல் மாற்று அறுவைக்குச் சில வாரம் முன்பே, தொடை இடுக்கிலிருந்து ஒரு தோல் மடலைக் கையில் பொருத்தித் தோல் குறையைத் தீர்த்துவிடுகிறார்கள். மெக்ரிகரும் ஜாக்சனும் 1972இல் விவரித்த பழைய தோல் மடல்தான். கை இரண்டு மூன்று வாரம் இடுக்கோடு ஒட்டியபடி இருக்க வேண்டும்; சிரமம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதன் பிறகு பாதத்திலிருந்து விரலுக்கு வேண்டிய தோலை மட்டும் எடுத்தால் போதும், புண்ணை நேராகத் தைத்துவிடலாம். கைக்காக ஒரு மாதம் காத்திருப்பது காலுக்கு ஆயுள் முழுதும் லாபம். இந்த வழி உங்களுக்குப் பொருந்துமா என்று கட்டாயம் கேளுங்கள்.

வெய் குழுவினரின் சீவிய பெருவிரல் முறைக்கும் இதில் ஒரு நன்மை உண்டு. விரலின் உள்பக்கத் தோல் பட்டை ஒன்று காலிலேயே தங்கிவிடுவதால், அதைப் புண்ணின் மேல் புரட்டி மூட வசதி கிடைக்கிறது.

உறைபோல் கழற்றினால்

இனி வருவதே கடினமான தேர்வு. மாரிசன் முறையில் காலில் விரல் நிற்கிறது. எலும்பும் மூட்டும் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. ஆனால் நகம் இல்லை, மேல்பக்கத் தோல் இல்லை, அடிப்பக்கத்துச் சதையில் பெரும்பகுதி இல்லை. உள்விளிம்பில் ஒரு பட்டைத் தோல் மட்டும் தன் நரம்போடும் ரத்தக் குழாயோடும் மிஞ்சும். விரலைக் காப்பாற்றினோம் என்ற ஆறுதல் பெரிது; அந்த விரலுக்கு உடை போட்டுவிடுவதுதான் பாடு.

நேர்வழி, விரலைக் குறைத்து மூடுவது. நுனி எலும்பை நீக்கி, மிஞ்சிய பட்டைத் தோலை முனையில் மடித்துத் தைப்பார்கள். ஒரே அறுவை, குறைந்த நேரம், உணர்ச்சியுள்ள சொந்தத் தோல். பார்வைக்குக் குட்டையான விரல். கட்டட வேலை, வயல் வேலை, நாள் முழுதும் நிற்கும் வேலை செய்பவருக்கு நான் மனதார ஆதரிப்பது இதைத்தான். நீளமான விரலில் அடிக்கடி புண் வருவதை விடக் குட்டையான விரலில் திடமான தோல் இருப்பது மேல். வீட்டார் இதை எளிதில் ஏற்பதில்லை. விரலைக் காப்பாற்றத்தானே இந்த முறை, பிறகு ஏன் வெட்ட வேண்டும் என்பார்கள். எலும்பின் அடிப்பகுதியும் அடிமூட்டும் நின்றால் நடைக்கு வேண்டியது நின்றுவிட்டது என்று பொறுமையாக விளக்க வேண்டியிருக்கிறது.

அடுத்தது தோல் ஒட்டு. தொடையிலிருந்து கத்தியால் சீவியெடுக்கும் மெல்லிய ஒட்டு 0.2 முதல் 0.4 மில்லிமீட்டர் தடிமன்தான் இருக்கும். எளிதில் பிடிக்கும், பின்னர் சுருங்கும், எளிதில் கிழியும். தொடை இடுக்கிலிருந்து எடுக்கும் முழுத்தடிமன் ஒட்டு பிடிப்பதற்கு அடிப்படுகை நன்றாக இருக்க வேண்டும். பிடித்துவிட்டால் குறைவாகச் சுருங்கும், நீடித்து உழைக்கும். எந்த ஒட்டுக்கும் தனக்கென்று ரத்தக் குழாய் கிடையாது. முதல் ஒன்றிரண்டு நாள் அடியிலிருந்து ஊறும் நீரை உறிஞ்சியே உயிர் வாழ்கிறது. பிறகுதான் அடியிலுள்ள நுண்குழாய்கள் அதனுள் புகுகின்றன. அதனால்தான் ஒட்டின் மேல் பஞ்சை வைத்துத் தையல் நூலாலேயே இறுக்கிக் கட்டி, ஐந்து முதல் ஏழு நாள் அசையாமல் வைக்கிறார்கள். எலும்பின் மேலுறையோ தசைநாணின் மேல்சவ்வோ உரிந்துபோன இடத்தில் குழாய்கள் புக வழியில்லை, ஒட்டு பிடிக்காது. விரலைக் கழற்றும்போது இந்தச் சவ்வுகளைக் காப்பாற்றி வைப்பது மருத்துவரின் கைத்திறமை.

மேல்பக்கத்துக்குத் தோல் ஒட்டு நல்ல வழி என்பதில் எனக்கு ஐயமில்லை. அடிப்பக்கத்துக்கு அதை மட்டும் வைப்பதைத்தான் ஏற்க முடியவில்லை. தச்சுத் தொழிலாளியின் காலில் நடந்தது அதுவே. உள்ளங்காலின் வளைவுப் பகுதி தரையில் ஊன்றுவதில்லை. அங்கிருந்து எடுத்த ஒட்டு உள்ளங்கால் தோலின் தடிப்பைக் கொண்டு வருவதால் சாதாரண ஒட்டை விடத் தாக்குப்பிடிக்கும். ஆனாலும் அடியில் கொழுப்பு மெத்தை இல்லாத குறை தீராது.

செயற்கை அடித்தோல் இதற்கிடையில் வந்து நிற்கிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அயோனிஸ் யானஸும் பாஸ்டன் அறுவை மருத்துவர் ஜான் பர்க்கும் தீக்காயத்துக்காக உருவாக்கிய இன்டெக்ரா இதில் பெயர் பெற்றது. அமெரிக்க அனுமதி 1996இல் கிடைத்தது. மாட்டின் கொலாஜன் என்னும் புரதமும் சுறாவின் குருத்தெலும்புச் சத்தும் சேர்ந்த பஞ்சு போன்ற தகடு, மேலே சிலிக்கோன் படலம். புண்ணில் வைத்தால் மூன்று வாரம்போல் ஆகும்போது நம் உடலின் திசுவும் குழாய்களும் அதனுள் வளர்ந்துவிடும். பிறகு படலத்தை உரித்துவிட்டு மெல்லிய ஒட்டை வைப்பார்கள். சிறிய அளவில் எலும்போ நாணோ வெளியே தெரியும் இடத்தையும் இது பாலம்போல் மூடக்கூடியது என்பது பெரிய வசதி. வெறும் ஒட்டை விட மெத்தென்று, எலும்போடு ஒட்டிக்கொள்ளாமல் நகரும். விலை அதிகம், இரண்டு அறுவை, நடுவில் படலத்தின் கீழ்ச் சீழ் பிடித்தால் எல்லாம் வீண். மூன்று வாரம் காலை உயர்த்தி வைத்துப் படுத்திருக்கக்கூடிய, புண்ணைச் சுத்தமாக வைத்திருக்கக்கூடிய வீட்டுக்கு இது பொருந்தும். பெரிய மடல் அறுவையைத் தாங்க முடியாத உடம்புக்கும் நல்ல நடுவழி.

பக்கத்து விரலிடம் கடன் வாங்குவது இன்னொரு வழி. இரண்டாம் விரலிலிருந்து ஒரு மடலை எழுப்பி, அது அங்கேயே ஒட்டியிருக்கும்போதே பெருவிரலின் அடிப்பக்கத்தில் தைத்து, இரு விரல்களையும் இரண்டு மூன்று வாரம் இணைத்து வைத்திருந்து பிறகு பிரிப்பார்கள். மாரிசன் குழுவினரே அடிப்பக்கத்துக்கு இதையும் மேல்பக்கத்துக்கு ஒட்டையும் பயன்படுத்தினார்கள். கொழுப்போடு கூடிய உண்மையான தோல் ஊன்றும் இடத்துக்குக் கிடைக்கிறது. நுண் அறுவையும் தேவையில்லை. மடல் கொடுத்த இரண்டாம் விரலில் ஒரு ஒட்டு, ஒரு தழும்பு. விரல் மூட்டுகள் விறைக்கும் என்பதால் பிரித்த மறுவாரமே விரல்களை அசைக்கத் தொடங்க வேண்டும். பழைய முறை என்று இதை ஒதுக்குவோரும் உண்டு. கூட்டிக் கழித்துப் பார்த்தால், உறைபோல் கழற்றிய விரலின் நீளத்தைக் காப்பாற்ற விரும்புபவருக்கு இதைப்போல் நேர்மையான விலையுள்ள வழி குறைவு.

உள்ளங்கால் வளைவிலிருந்தே ரத்தக் குழாயோடு மடலை நகர்த்திக் கொண்டுவரவும் முடியும். தோலுக்குத் தோல் பொருத்தம் என்று பார்த்தால் இதை மிஞ்ச எதுவுமில்லை. ஆனால் பெருவிரலோடு பாதத்தின் மேல்தமனியும் கைக்குப் போய்விட்டது. மடலுக்கான ரத்தம் எதிர்த்திசையில் பாய மிஞ்சிய குழாய்கள் போதுமா என்பதை முன்பே சோதித்தறிய வேண்டும். ஏற்கெனவே அடிபட்ட பாதத்தில் இன்னொரு குழாயைச் செலவழிப்பது எனக்குச் சற்று நெருடலாகவே இருக்கிறது.

கடைசியாக, தொலைவிலிருந்து கொண்டுவரும் தனி மடல். மறுபடியும் தொடை இடுக்கு. அங்கு ஆழத்திலிருந்து தோலுக்கு ஏறிவரும் மெல்லிய துளைத்தமனியை நம்பித் தோலைத் தனியே எடுக்கும் முறையை ஜப்பானின் இசாவ் கோஷிமா 2004இல் விவரித்தார். எடுத்த இடம் ஒரு கோடாக மூடிவிடும், உள்ளாடைக்குள் மறையும். பெருவிரலோடு போன தமனியின் அடித்துண்டு பாதத்தில் காத்திருக்கிறது. மடலின் குழாயை அதனோடு தைத்துவிடலாம் என்பது இதில் உள்ள அழகு. இடுப்பெலும்புத் துண்டையும் சேர்த்துக் காலில் விரல் போன்ற உருவத்தையே மீட்டெடுப்பவர்களும் இருக்கிறார்கள், குறிப்பாகச் சீனாவில். புகைப்படத்தில் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தோன்றும்.

புகைப்படத்தில் தெரியாதவற்றையும் சொல்கிறேன். அறுவை நேரம் பல மணி கூடும். குழாய் அடைத்தால் மறுபடியும் அறுவை அரங்கு. வந்த தோலில் உணர்ச்சி முதலில் இருக்காது, பின்னரும் முழுதாக வராது. கல் குத்துவது தெரியாது. கொழுப்பு அதிகமுள்ள உடம்பில் மடல் பருத்து ஷூவுக்குள் நுழையாது, பிறகு மெலிக்க இன்னொரு அறுவை. ஊன்றும்போது வழுக்குகிறது என்பார்கள். அந்த அறைபோட்ட கொழுப்பு இதில் இல்லையே. எலும்பும் நாணும் அகலமாகத் திறந்துகிடக்கும் புண்ணுக்கு இதுவே சரியான விடையாக இருக்கலாம். தோற்றம் மிகவும் முக்கியம் என்று கருதும் இளம்வயதினர் இதைக் கேட்பதையும் குறை சொல்ல மாட்டேன். மற்றவர்கள் இதை முதல் தேர்வாக்கக் கூடாது.

புண்ணில் உறிஞ்சு கருவியை மாட்டி, 125 மில்லிமீட்டர் பாதரச அளவில் எதிர்மறை அழுத்தம் கொடுப்பதைத் தனி வழியாக எண்ணாதீர்கள். நீரை இழுத்து, சதை தளிர்க்க உதவும், ஒட்டையும் அசையாமல் பிடித்துக்கொள்ளும். மற்ற வழிகளுக்குத் துணை அது.

யாருக்கு எது

இத்தனை வழிகளையும் கேட்டுவிட்டு, எது சிறந்தது என்று கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது, காலையில் எழுந்தது முதல் அந்தக் கால் என்னென்ன செய்கிறது என்பதை. வெறுங்காலோடு சேற்றில் இறங்குபவர், தையல் எந்திரத்தை மிதிப்பவர், குத்துக்காலிட்டு உட்கார்ந்து பழகியவர் ஆகியோருக்குப் பெருவிரல் நன்றாக மேல்நோக்கி மடங்க வேண்டும். விரலடியில் சுருங்கும் ஒட்டு ஆகாது. மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர் இடது பெருவிரலின் மேல்பக்கத்தால்தான் கியரைத் தூக்குகிறார். அவருக்கு மேல்பக்கத் தோலும் முக்கியம், எந்தக் கால் என்பதும் முக்கியம். ரத்தக் குழாய் எப்படி அமைகிறது என்பதை வைத்து மருத்துவர் காலைத் தேர்ந்தெடுப்பார் என்றாலும், இரண்டும் பொருந்தும் நிலையில் உங்கள் தொழிலைச் சொன்னால் கேட்பார்.

சர்க்கரை நோயும் புகைப்பழக்கமும் கணக்கை மாற்றிவிடுகின்றன. புகை நுண்குழாய்களைச் சுருக்கும். தைத்த விளிம்பு, ஒட்டு, மடல் மூன்றுமே அதற்குப் பலியாகும். பீடியை விட முடியாதவருக்கு நுண்குழாய் இணைப்பைக் காலில் இரண்டாம் முறையும் செய்யச் சொல்லி வற்புறுத்துவது அவருக்கு நல்லதல்ல. சர்க்கரையால் பாத உணர்ச்சி குறைந்தவருக்குக் காலில் புண்ணை உண்டாக்குவதே சரியா என்பதிலிருந்து பேச்சைத் தொடங்க வேண்டும். சுட்டுவிரலைக் கட்டைவிரலின் இடத்துக்கு நகர்த்தும் அறுவையும் இருக்கிறது, கால் முழுதாகத் தப்பும். பிறவியிலேயே கட்டைவிரல் இல்லாத குழந்தைகளுக்கு அதுவே பெரும்பாலும் நடக்கிறது.

தமிழ்நாட்டில் இதற்கெல்லாம் வெகுதூரம் அலைய வேண்டியதில்லை என்பதையும் சொல்ல விரும்புகிறேன். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் பேராசிரியர் ஆர். வெங்கடசுவாமி வளர்த்தெடுத்த கை அறுவைத் துறையும், கோயம்புத்தூரின் கங்கா மருத்துவமனையும் நாடறிந்தவை. எங்கே போனாலும், கையைப் பற்றிப் பேசிய அதே அமர்விலேயே காலைப் பற்றியும் பேசுங்கள். எலும்பின் அடிப்பகுதி நிற்குமா, ஊன்றும் இடத்தில் எந்தத் தோல் வரும், நேராகத் தைக்க முடியாவிட்டால் மாற்று என்ன, வெட்டிய நரம்பு முனைகளை எங்கே புதைப்பீர்கள்? கடைசிக் கேள்வியைப் பலர் மறக்கிறார்கள். செருப்பு உரசும் இடத்தில் நரம்பு முனை கட்டியானால், புண் ஆறிய பிறகும் மின்சாரம் தாக்கியதுபோல் வலிக்கும்.

எந்த வழியில் மூடினாலும் முதல் வாரங்கள் ஒன்றுபோலத்தான். காலைத் தொங்கவிட்டால் புண் நீலம் பாரித்து வீங்கும். கட்டிலில் உயர்த்தியே வைக்க வேண்டும். மருத்துவர் அனுமதித்ததும் குதிகாலை ஊன்றி நடக்கத் தொடங்குவோம். பாதத்துத் தையலைப் பிரிக்க இரண்டு மூன்று வாரம் ஆகும். ஒட்டு வைத்த இடத்தில் வியர்வையும் எண்ணெய்ப்பசையும் குறைவு. காலையும் மாலையும் தேங்காய் எண்ணெயைத் தடவித் தேய்க்காவிட்டால் வறண்டு வெடிக்கும். இரவு படுக்கும் முன் ஒரு கைக்கண்ணாடியைத் தரையில் வைத்து, பாதத்தைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பார்க்கும் பழக்கத்தை உண்டாக்கிவிடுகிறேன். சிவந்த புள்ளி, காய்ப்பு, கொப்புளம் எதுவானாலும் அன்றே தெரிந்துவிடும்.

அந்தத் தச்சுத் தொழிலாளிக்குப் பின்னர் வேறு ஒரு மருத்துவர் விரல் நுனி எலும்பைக் குறைத்து, கிழிந்துகொண்டே இருந்த ஒட்டை நீக்கி, உள்விளிம்புத் தோலையே இழுத்து மூடினார். விரல் ஒரு கணுவளவு குட்டையானது. போன முறை வந்தபோது செருப்பை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். உள்பக்கம் நன்றாகத் தேய்ந்திருந்தது. புதுச் செருப்பு வாங்கச் சொல்லி அனுப்பினேன்.